இணையத்தில் சரிந்த வாடிக்கையாளர் நம்பிக்கை மீண்டது எப்படி? மேகி விவகாரம் உணர்த்தும் பாடம்

புதுதில்லி: பல ஆண்டுகளாகச் சேர்த்த நற்பெயரை ஒரு நிறுவனம் சில நாள்களில் இழந்துவிடக்கூடும் என்பதற்கும், அதை மீட்க விளம்பரம் மட்டும் போதாது என்பதற்கும் இந்தியாவில் அடிக்கடி சுட்டிக்காட்டப்படும் சான்று, 2015-ஆம் ஆண்டின் மேகி நூடுல்ஸ் விவகாரம். இணையவழி வணிகமும் சமூக ஊடகமும் அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்ட இன்றைய சூழலில், அந்த நிகழ்வுகள் வாடிக்கையாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் பயன்தரும் பாடங்களைக் கொண்டுள்ளன.

பிரச்சினை தொடங்கியது எங்கே?

உத்தரப் பிரதேச மாநிலம் பாராபங்கியில் 2014-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மேகி பொட்டலங்களின் மாதிரியைச் சேகரித்தனர். உறையில் 'மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்படவில்லை' என்று அச்சிடப்பட்டிருந்த நிலையில், கோரக்பூர் ஆய்வகச் சோதனையில் அப்பொருள் இருப்பது தெரியவந்தது. மாதிரி பின்னர் கொல்கத்தாவில் உள்ள மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கு ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 17.2 பங்கு எனப் பதிவானது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 2.5 பங்கு மட்டுமே.

2015 மே மாதம் இத்தகவல் வெளியானதும் சமூக ஊடகங்களில் தீயாய்ப் பரவியது. குழந்தைகளின் சிற்றுண்டியாகப் பெற்றோர் நம்பி வாங்கிய பொருள் என்பதால் அச்சம் பன்மடங்கானது. நெஸ்லே இந்தியா நிறுவனம், தானும் வெளி ஆய்வகமும் நடத்திய சோதனைகளைச் சுட்டிக்காட்டி, மேகி பாதுகாப்பானது என்று விளக்கம் அளித்தது. ஆனால் அந்த விளக்கம் மக்களின் அச்சத்தைத் தணிக்கவில்லை. குற்றச்சாட்டுக்கு உள்ளான நிறுவனமே முன்வைத்த சோதனை முடிவுகள் என்பதால் அவை ஐயத்துடனேயே பார்க்கப்பட்டன.

ஜூன் முதல் வாரத்தில் தில்லி, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்கள் அடுத்தடுத்துத் தற்காலிகத் தடை விதித்தன. ஜூன் 5-ஆம் தேதி மேகியைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. நெஸ்லேயின் உலகளாவிய தலைமைச் செயல் அலுவலர் பால் புல்கே தில்லியில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அதே நாளில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் (எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) ஒன்பது வகை மேகி நூடுல்ஸையும் திரும்பப் பெற உத்தரவிட்டது.

இழப்பு எவ்வளவு?

சந்தையில் ஏறத்தாழ முக்கால் பங்கைக் கைவசம் வைத்திருந்த மேகியின் விற்பனை முற்றிலும் நின்றுபோனது. 35,000 டன்னுக்கும் அதிகமான நூடுல்ஸ் அழிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நெஸ்லே இந்தியா ரூ.64.40 கோடி நிகர இழப்பைச் சந்தித்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி சுரேஷ் நாராயணன் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

திருப்பம் தந்த தீர்ப்பு

தடையை எதிர்த்து நெஸ்லே தொடுத்த வழக்கில், 2015 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மும்பை உயர்நீதிமன்றம் தடை உத்தரவுகளை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பைக் கேட்காமல் உத்தரவிட்டது இயற்கை நீதிக்கு முரணானது என்றும், சோதனைகள் உரிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் நடத்தப்படவில்லை என்றும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதேவேளையில் மேகியை உடனே விற்க அனுமதிக்கவில்லை. மொஹாலி, ஜெய்ப்பூர், ஹைதராபாத் ஆகிய இடங்களில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடத்த உத்தரவிட்டது.

அந்த ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட 90 மாதிரிகளும் பாதுகாப்பானவை எனத் தெரியவந்ததாக அக்டோபரில் நிறுவனம் அறிவித்தது. புதிதாகத் தயாரிக்கப்பட்ட நூடுல்ஸும் அதன் பின்னர் சோதனையில் தேறியது. சர்ச்சைக்குக் காரணமான 'மோனோசோடியம் குளுட்டமேட் சேர்க்கப்படவில்லை' என்ற வாசகம் உறையிலிருந்து நீக்கப்பட்டது. தாங்கள் அப்பொருளைத் தனியாகச் சேர்ப்பதில்லை என்றும், சில மூலப்பொருள்களில் குளுட்டமேட் இயற்கையாகவே உள்ளது என்றும் நிறுவனம் கூறிவந்தது. எனினும், சாதாரண வாடிக்கையாளர் அந்த வாசகத்தை 'அப்பொருளே இதில் இல்லை' என்றுதான் புரிந்துகொள்வார் என்பதே எழுந்த கேள்வி.

ஐந்து நிமிடத்தில் 60,000 தொகுப்புகள்

இடைப்பட்ட காலத்தில், மேகி இல்லாத ஏக்கத்தைச் சித்திரிக்கும் குறும்படங்களை நிறுவனம் இணையத்தில் வெளியிட்டது. நவம்பர் 9-ஆம் தேதி மேகி மீண்டும் விற்பனைக்கு வந்தது. மூன்று நாள்களுக்குப் பின்னர் ஸ்நாப்டீல் இணையதளத்தில் நடைபெற்ற விற்பனையில் 60,000 தொகுப்புகள் ஐந்து நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தன. 2016-ஆம் ஆண்டில் மேகி சந்தையில் மீண்டும் முதலிடம் பிடித்தது. ஆயினும் அதன் பங்கு சுமார் 60 சதவீதமாகவே இருந்தது. பழைய நிலை உடனே திரும்பவில்லை.

இவ்விவகாரத்தில் மத்திய அரசு சுமார் ரூ.640 கோடி இழப்பீடு கோரித் தொடர்ந்த வழக்கைத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2024 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது.

தெரியவரும் உண்மைகள்

குற்றச்சாட்டு எழுந்த தொடக்க நாள்களே முடிவைத் தீர்மானிக்கின்றன. அப்போது நிறுவனம் அளிக்கும் விளக்கம் தொழில்நுட்பச் சொற்களில் நின்றுவிட்டால், எஞ்சிய இடத்தை வதந்தி நிரப்பிவிடுகிறது. குறும்படங்கள் மக்களின் பழைய பற்றை நினைவூட்டின. ஆனால் பொருளை மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத ஆய்வகங்களின் சான்றிதழ்தான். தவறான புரிதலுக்கு இடமளித்த வாசகத்தைக் கைவிட்டதும் அதற்குத் துணைநின்றது.

இப்போதுள்ள விதிமுறைகள்

இணையத்தில் நம்பிக்கையைச் செயற்கையாக உருவாக்கும் முயற்சிகளைத் தடுக்க இந்தியாவில் சில ஏற்பாடுகள் உள்ளன. இணையவழி வாடிக்கையாளர் மதிப்புரைகளுக்கான 'ஐ.எஸ். 19000:2022' என்ற தரநிலையை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் வகுத்தது. மதிப்புரை எழுதுபவர் உண்மையானவர்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும் என்றும், விலைகொடுத்துப் பெற்ற மதிப்புரைகளை வெளியிடக் கூடாது என்றும் அது கூறுகிறது. நிறுவனங்கள் தாமாக முன்வந்து பின்பற்றும் வகையில் இத்தரநிலை அறிமுகமானது.

வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை இணைய வடிவமைப்புகளை வரையறுத்து, அவற்றைத் தடுக்கும் வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் தேதி அறிவிக்கை செய்தது. 'இன்னும் சில நிமிடங்களே உள்ளன' எனப் பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத பொருளைக் கட்டணப் பட்டியலில் சேர்ப்பது, சந்தாவை எளிதில் ரத்து செய்ய முடியாமல் சிக்கவைப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பொருளின் தரம், தவறான விளம்பரம், பணம் திரும்பக் கிடைக்காமை போன்ற புகார்களைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தெரிவிக்கலாம். ரசீது, உறை, தொகுதி எண் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது புகாருக்கு வலுச்சேர்க்கும். மேகி விவகாரமே ஒரு பொட்டலத்தின் உறையில் இருந்த வாசகத்தைச் சோதித்துப் பார்த்ததில்தான் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது.