அடுப்பில் முடிந்த கருவிகள்

முகப்பேரில் இன்று 'ஏரித் திட்டம்' என்பது ஒரு முகவரி. வீட்டுவசதி வாரியத்தின் மனைகள் வருவதற்கு முன், அம்பத்தூர், கொரட்டூர்ப் பகுதிகளைப் போலவே ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூராக இருந்தது அது. அத்தகைய ஊர்களில் அடுப்பெரிப்பது அன்றாடக் கவலை. அந்தக் கவலையிலிருந்தே சில கருவிகள் பிறந்தன. அவற்றின் வரலாற்றைத் தேடப் புகுந்தால், முதலில் எதிர்ப்படுவது சான்றின்மைதான்.

சென்னையின் விறகு வரலாறு பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை ஓடத் தொடங்கிய இருப்புப்பாதை, இன்றைய அம்பத்தூர், ஆவடி வழியே செல்வது. நிலக்கரிச் சுரங்கங்கள் தொலைவில் இருந்தமையால் இங்கு இரயில் எஞ்சின்களும் விறகைத் தின்றன. அதே ஆண்டில் கிளெக்கார்ன் தலைமையில் சென்னை மாகாண வனத்துறை அமைந்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காடுகளின் விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறி நகரத்துக்கு வந்தது. கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் எழுந்தன. நகரத்தார் விறகுத் தொட்டியில் நிறுத்து வாங்கினர். நகருக்கு வெளியே இருந்தவர்களோ தாமே வெட்டிச் சுமந்தனர்.

அவர்கள் கையிலிருந்தவை எவை? கோடரியின் இரும்புத் தலை மட்டுமே கொல்லர் உலையில் பிறந்தது. காம்பு வீட்டில் செதுக்கியது. கருவேலங்கிளையையோ புளியங்கிளையையோ நிழலில் உலர்த்தி, கணு நீக்கி, கைக்கு வழுக்காதபடி இழைப்பார்கள். கோடையில் மரம் சுருங்கித் தலை ஆடத் தொடங்கினால், இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஊறிய காம்பு உப்பி இறுகிவிடும். பருத்த கட்டையைக் கோடரியால் மட்டும் பிளக்க இயலாது. முதல் வெட்டில் விழுந்த வெடிப்பில் வைரம் பாய்ந்த மரத்தாலான ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். மரத்தை மரமே பிளந்தது.

உயரக்கிளையில் காய்ந்த சுள்ளியை இழுக்க, மூங்கில் நுனியில் சிறு அரிவாள் கட்டிய துறட்டி. 1870களில் சென்னை மாகாணத்துக்குள் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் பின்னாளில் ஊரெங்கும் பரவியபோது, அதன் முள்ளுக்கேற்ப ஒரு முறையும் வேண்டியிருந்தது. ஒரு கையிலுள்ள கவைக்கோலால் கிளையை அழுத்திக்கொண்டு மறுகையால் வெட்டுவார்கள். கட்டை சுமக்கும் பெண்ணுக்குப் பழந்துணியோ வைக்கோலோ சுருட்டிய சும்மாடு. உச்சந்தலையில் ஒரே இடத்தில் அழுந்தும் சுமையைப் பரப்பி, கட்டு சரியாமல் தாங்குவது அது. வீசி நடக்க இரு கைகளையும் விடுவித்த இவ்வெளிய வளையத்தை ஒரு கண்டுபிடிப்பு என்று எவரும் சொன்னதில்லை.

இவற்றின் தடயங்கள் அரிதாய்ப் போனதற்குக் காரணம் எளிது. முறிந்த காம்பும், தேய்ந்த ஆப்பும், பிளந்த கவையும் இறுதியில் விறகாயின. தலை மறுபடி உலைக்குச் சென்றது. உழைத்த அடுப்பிலேயே கருவி எரிந்தால் அருங்காட்சியகத்துக்கு எஞ்சுவது என்ன?

ஆனால் ஓரிடத்தில் அவை ஏடேறியிருக்கின்றன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், குற்றம் நடந்ததாகக் கருதப்பட்டால் மரத்தோடு அதற்குப் பயன்பட்ட கருவிகள், படகுகள், வண்டிகள், மாடுகள் ஆகியவற்றையும் கைப்பற்ற இடமளித்தது. அதுவரை தன் வழக்கம் என்று எண்ணிச் சுள்ளி பொறுக்கியவருக்கு, ஒதுக்குக்காட்டு எல்லைக்குள் கையிலிருந்த கோடரியே சாட்சியாயிற்று. செய்தவன் பெயர் எங்கும் எழுதப்படாத கருவி, பறிமுதல் பொருளாக மட்டும் எழுத்தில் ஏறியது.

இலக்கியம் இவ்விடத்தில் சட்டத்தைவிடப் பரிவுடையது. திருவிளையாடற் புராணத்தின் விறகு விற்ற படலத்தில் மதுரைத் தெருவில் விறகு சுமந்து வருபவர் இறைவனே. எனினும் நம் பேச்சுவழக்கு கோடரிக்காம்பைக் குலத்தைக் கெடுப்பவனுக்கே உவமையாக்கிவிட்டது. காட்டின் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம். உலை கொதிக்கக் காத்திருந்தவளின் பக்கம் நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல இயலுமா?

2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. புகை குறைந்ததை நாம் வரவேற்க வேண்டும். அந்தப் புகையில் கண்ணெரிந்தவர்கள் நம் பாட்டிமார்களே. அவர்களுள் எவரேனும் அருகிலிருந்தால், சும்மாடு சுருட்டுவது எப்படி என்று ஒருமுறை கேட்டு எழுதி வையுங்கள். இவ்வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் ஆவணம் அவர்கள் விரல்கள்தாம்.