பால்மரக்காட்டில் கம்பிச் சக்கரம்

மலேசியாவின் பேராக் மாநில ரப்பர்த் தோட்டங்களைப் பற்றிய எழுத்துகளில் மரமும் கூலியும் கங்காணியும் நிறைய இடம் பெற, தொழிலாளர் ஏறிச் சென்ற சக்கரம் அரிதாகவே பேசப்படுகிறது. ஆனால் மரத்தை வளர்த்ததே சக்கரந்தான். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பட்டபோது அவற்றுக்குப் பெரிய சந்தை ஏதும் இருக்கவில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்று, மிதிவண்டியும் பின்னர் மோட்டார் காரும் உலகெங்கும் பரவிய பிறகே பேராக்கின் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. பால் வெட்டத் தமிழகத்திலிருந்து ஆட்களும் திரட்டப்பட்டனர்.

அந்த டயரைத் தாங்கிய கம்பிச் சக்கரம் சற்று மூத்தது. கம்பிகளை நடுவிலுள்ள குடத்திலிருந்து நேராக விடாமல், ஒன்றையொன்று குறுக்கிடும்படி சாய்வாகக் கோக்கும் முறைக்கு 1874இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார். மாட்டுவண்டியின் ஆரக்கால் சுமையை அழுந்தித் தாங்குகிறது. கம்பிச் சக்கரத்திலோ ஒவ்வொரு கம்பியும் இழுபட்டே நிற்க, எல்லாம் சேர்ந்து ரிம் எனப்படும் வெளிவளையத்தைக் குடத்தை நோக்கி இழுத்து வட்டத்தைக் காக்கின்றன. ஆகவே ஒரு கம்பி தளர்ந்தாலும் அதன் பங்கு அண்டைக் கம்பிகளின்மேல் விழுந்து, நாளடைவில் சக்கரமே கோணிவிடுகிறது.

இச்சக்கரம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பேராக் ஒரு போரில் கண்டது. 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போவைப் பிடித்து, கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் போரிட்டுத் தெற்கே இறங்கிய ஜப்பானியப் படையில் ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டியில் வந்தனர். வெப்பத்தில் டயர் வெடித்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே ஓட்டினர்.

போருக்குப் பின் தோட்டத்து மிதிவண்டியின் இடத்தை மெல்ல மெல்ல மோட்டார் பிடித்தது. 1958இல் ஜப்பானில் வெளியான ஹோண்டா சூப்பர் கப், பினாங்கின் லோ பூன் சியூ நடத்திய நிறுவனத்தின் வழியாக மலாயாவுக்கு வந்து, ‘கப்சாய்’ என்னும் செல்லப்பெயருடன் நாடெங்கும் பரவியது. பதினேழு அங்குலச் சக்கரமும் மெலிந்த டயரும் கொண்ட அவ்வண்டி, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து விடியுமுன் கூடும் பெரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மரநிரைக்கும், பால் ஸ்டோருக்கும் செல்லும் செம்மண் தடத்துக்குப் பொருந்தியது. மழையில் சேறும் வெயிலில் குழியுமாகக் கிடந்த அத்தடம் கம்பியைத் தளர்த்தவும், அதன் முனையில் திருகப்படும் சிறு மறையான நிப்பிளைத் துருவேற்றவும் தவறவில்லை. நகரத்துப் பட்டறை தொலைவில் இருந்தபோது, மிதிவண்டியில் பழகிய கைக்கு மோட்டார்ச் சக்கரம் முற்றிலும் புதிதாக இருந்திருக்காது.

கோணிய சக்கரத்தை நேராக்கும் ‘கோட்டம் எடுத்தல்’ என்னும் வேலைக்குத் தேவையான கருவிகள் மிகச் சில. பழைய கம்பிகளைக் களைந்த பிறகு, குடத்தின் இரு விளிம்புகளிலும் பக்கத்துக்குப் பதினெட்டாக முப்பத்தாறு கம்பிகள் கோக்கப்படுகின்றன. பாதிக் கம்பிகளின் தலை விளிம்பின் உட்புறமும் மீதிக் கம்பிகளின் தலை வெளிப்புறமும் அமைய, ஒரு பாதி முன்னோக்கியும் மறு பாதி பின்னோக்கியும் சாய்ந்து பின்னிக்கொள்ளும். நிப்பிள் முதலில் எல்லாக் கம்பியிலும் ஒரே அளவுக்கு மட்டும் ஏற்றப்படுகிறது. இதில் அவசரப்பட்டவர் பின்னர் மணிக்கணக்கில் தவிக்க நேரும். அடுத்து, சக்கரத்தை வண்டியின் கவையிலேயே மாட்டி, ரிம்முக்கு மிக அருகில் ஒரு கம்பித்துண்டையோ சுண்ணக்கட்டியையோ அசையாமல் நிறுத்திச் சுழற்றினால், கோணல் உள்ள இடம் உரசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ரிம் வலப்பக்கம் சாய்ந்த இடத்தில் இடப்பக்க விளிம்பின் கம்பிகளை முறுக்கி வலப்பக்கத்தவற்றைத் தளர்த்த வேண்டும். மேலெழும்பிய இடத்திலோ இருபக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்க வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்றுக் கெடுமாதலால், கால் சுற்று, அரைச் சுற்று என்று மாறிமாறிச் செய்து முடிக்கவே பொறுமை வேண்டியிருக்கிறது. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் ஹோண்டா கையேடுகள் பொறுக்கும் ஆட்டம் 2 மில்லிமீட்டர். அதற்குள் வந்த பின் ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்த்தால், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். நிப்பிளைத் தாண்டி நீளும் முனையை அராவி, ரிம்மின் உட்புறத்தில் ரப்பர்ப் பட்டை சுற்றாவிட்டால், முதல் குழியிலேயே டியூப் கிழியக்கூடும்.

1980களுக்குப் பின் பால்மரம் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டது. உலக ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்து முந்திக்கொண்டது. லயங்களை விட்டு வெளியேறியவர்கள் சிறுநகரங்களுக்கும் ஈப்போவின் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தனர். தோட்ட வாழ்வு மறைந்ததுபோலவே, வார்ப்பு உலோகத்தாலான ‘ஸ்போர்ட் ரிம்’ கம்பிச் சக்கரத்தையும் பழையதாக்கிவிட்டதாகச் சொல்வதுண்டு. அது முழு உண்மையன்று. வெடித்த வார்ப்புச் சக்கரத்தைத் தூக்கி எறியத்தான் வேண்டும். கம்பிச் சக்கரத்திலோ கெட்ட கம்பியை மட்டும் மாற்றினால் போதும். 1980களின் பிற்பகுதியில் மலேசியச் சாலைக்கு வந்த ஹோண்டா இஎக்ஸ்5 பிற்காலத்தில் இரு வகைச் சக்கரங்களோடும் விற்கப்பட்டது. அவற்றுள் விலை குறைந்தது கம்பிச் சக்கர வண்டியே.