அப்பாவின் பழைய கப்சாய் மோட்டாரை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுப் பின்புறத்தில், தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய மோட்டார் நிற்கிறதா? சீட் கிழிந்து, சக்கரத்தில் காற்று இறங்கி, மேலே பழைய துணியும் அட்டைப்பெட்டியும் ஏறியிருக்கும். "ஒருநாள் இதை ரெடி பண்ணணும்" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிக்கொள்வோம். அந்த ஒருநாள் மட்டும் வருவதில்லை.

நம்மில் பலருக்கு அது வெறும் இரும்பு இல்லை. அப்பா அதில்தான் வேலைக்குப் போனார். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து சந்தைக்குப் போனார். உங்களை முன்னால் நிற்க வைத்துத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டார்.

நல்ல செய்தி என்னவென்றால், பழைய கப்சாய் மோட்டாரின் பெரும்பாலான வேலைகளைச் சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்து வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வரிசை முக்கியம். பலர் முதலில் எஞ்ஜினை ஓட வைக்கப் பார்க்கிறார்கள். ஓட வைப்பது பாதி வேலைதான். அதற்கு முன் அந்த மோட்டாரை நிற்க வைக்கத் தெரிய வேண்டும்.

இந்த விளக்கத்துக்கு ஹோண்டா C70 மோட்டாரை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் பழைய மோட்டார் என்றதும் பலர் மனத்தில் வருவது அதுதான்.

கப்சாய் என்ற பெயர் எப்படி வந்தது?

1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறிய மோட்டார் சைக்கிளை அறிமுகப்படுத்தியது. 'கப்' என்ற பெயரோடு, சீனக் கிளைமொழிகளில் சிறியது என்று பொருள்படும் 'சாய்' சேர்ந்து 'கப்சாய்' ஆனது. இன்று எந்த நிறுவனத்தின் சிறிய மோட்டாரையும் நாம் அப்படித்தான் சொல்கிறோம். 2017இல் சூப்பர் கப் வரிசையின் மொத்தத் தயாரிப்பு 10 கோடியைத் தொட்டது.

C70 அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. 72 சிசி, ஒரே சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்ஜின், மூன்று கியர். இடது கையில் கிளட்ச் பிடி கிடையாது. உள்ளே சிக்கலான பாகங்கள் குறைவு. அதனால்தான் வீட்டில் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள இது ஏற்ற மோட்டார்.

முதல் வேலை: கெரானைத் தேடுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் வாகனப் பதிவுச் சான்றிதழை, அதாவது கெரானை எடுத்துப் பாருங்கள். அதில் உள்ள எஞ்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் மோட்டாரில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்துப்போக வேண்டும். துருவைத் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். அரத்தாலோ கிரைண்டராலோ தேய்த்து எண்ணை அழித்துவிடாதீங்க.

மோட்டார் இன்னும் காலமான ஒருவர் பெயரில் இருந்தால், பெயர் மாற்றத்துக்கு வாரிசு தொடர்பான ஆவணங்கள் தேவைப்படும். எவை வேண்டும் என்பதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வேறு எஞ்ஜின் பொருத்தினாலும், மோட்டாரின் நிறத்தை மாற்றினாலும் ஜேபிஜேயில் பதிய வேண்டும்.

சாலை வரியும் காப்புறுதியும் இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்பது சட்டத்தில் செல்லாது. விபத்து நடந்தால் அடிபட்டவருக்கும் அது பெரிய பிரச்சினை.

இரண்டாவது வேலை: பிரேக்கும் டயரும்

C70இன் முன், பின் சக்கரங்கள் இரண்டிலும் டிரம் பிரேக்தான். மோட்டாரை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். பிரேக்கைப் பிடித்தால் உடனே நிற்க வேண்டும்.

நீண்ட நாள் நின்ற மோட்டாரில் பிரேக் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும். பிடியை விட்டாலும் திரும்பி வராது. கேபிளின் முனையில் ஒரு கம்பி இழை பிரிந்திருந்தாலும் புதிது மாற்றுங்கள். அதன் விலை குறைவு. அவசரத்துக்குப் பிடிக்கும்போது அறுந்தால் இழப்பு பெரிது.

சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பழைய காலத்துப் பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீங்க. காற்றுக் குழாயும் பிடிக்காதீங்க. முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ஷூவில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருந்தால் அதை மாற்றுவதே பாதுகாப்பு.

டயரில் பூ தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். ரப்பருக்கும் வயதாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். உதாரணமாக 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரித்தது. பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தாலோ, டயர் பத்து ஆண்டைத் தாண்டியிருந்தாலோ டியூபோடு சேர்த்து மாற்றுங்கள்.

மூன்றாவது வேலை: எஞ்ஜினை மெதுவாக எழுப்புங்கள்

பார்த்த உடனே கிக்கரை மிதிக்க வேண்டாம். பல ஆண்டுகள் நின்ற எஞ்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். வேகமாக மிதித்தால் சிலிண்டரில் கோடு விழும்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு எஞ்ஜின் ஆயில் விடுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சுலபமாக நகர்ந்தால் நல்லது. நகரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீங்க. மீண்டும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள்.

அடுத்து, பழைய எண்ணெய் முழுவதையும் வடித்துவிடுங்கள். மறுபடி ஊற்ற ஏறக்குறைய முக்கால் லிட்டர் பிடிக்கும். அளவுக் குச்சியைத் திருகாமல், துளையில் வைத்து மட்டும் அளவு பாருங்கள். மோட்டார் சைக்கிளுக்கான 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எண்ணெய் போதும். காருக்கான எண்ணெய் வேண்டாம். கப்சாயில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது. சில கார் எண்ணெய்களில் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. போத்தலில் ஊற்றி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆகவில்லையா? மூன்றே கேள்விகள்

எந்தப் பழைய பெட்ரோல் எஞ்ஜினுக்கும் மூன்று வேண்டும்: தீப்பொறி, பெட்ரோல், அழுத்தம். ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் நான்கு பாகங்களை மாற்றினால், எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது.

*தீப்பொறி வருகிறதா?* கழற்றிய பிளக்கை அதன் மூடியோடு இணைத்து, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்ஜினைத் தொடும்படி வைத்துக் கிக்கரை மிதியுங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்காதீங்க. பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கவும் கூடாது. நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் நல்லது. மஞ்சளாக மங்கி வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், முதலில் புதிய பிளக். அதன் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர்.

அதற்கும் சரியாகவில்லையா? 6 வோல்ட் மோட்டார்களில் அடுத்து பார்க்க வேண்டியது பாயிண்ட். அதன் முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, சுத்தமான துணியால் துடைத்து, முழுவதும் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இதற்கு ஃபீலர் கேஜ் என்ற தகடுகள் வேண்டும். ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும்.

*பெட்ரோல் போகிறதா?* பல மாதங்கள் தேங்கிய பெட்ரோல் கெட்டுப் பிசினாகிவிடும். அந்தப் பிசின் கார்புரேட்டரின் ஜெட் எனும் மிகச் சிறிய துளைகளை அடைத்துவிடும். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, கார்புரேட்டரைக் கழற்றி, அதற்கான சுத்தம் செய்யும் ஸ்பிரேயால் அடியுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். அந்தத் துளையை ஊசியாலோ கம்பியாலோ குத்தாதீங்க. துளை கொஞ்சம் பெரிதானாலும் பெட்ரோல் அதிகம் போய்க் கறுப்புப் புகை வரும். கழற்றும் ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டும்போது கைகொடுக்கும்.

*அழுத்தம் இருக்கிறதா?* பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு கிக்கரை மிதியுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேற வேண்டும். இதைத் தீப்பொறிச் சோதனையோடு சேர்த்துச் செய்யாதீங்க. காற்று பலமாக வரவில்லை என்றால் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கலாம். எஞ்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ஃப்ளைவீலில் உள்ள 'டி' குறி நேராக நிற்க, இரண்டு வால்வுகளும் தளர்வாக இருக்கும் நிலையில் 0.05 மில்லிமீட்டர் வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் அழுத்தம் இல்லை என்றால், சிலிண்டரைத் திறக்கும் வேலை. அது பட்டறைக்குப் போகட்டும்.

வீட்டில் செய்யவே கூடாதவை

- பெட்ரோல் தொட்டியில் ஓட்டை விழுந்தால் வீட்டில் வெல்டிங் பண்ணாதீங்க. காலியாகத் தெரியும் தொட்டிக்குள்ளும் பெட்ரோல் ஆவி இருக்கும். வெடிக்கும்.
- மூடிய அறையில் எஞ்ஜினை ஓட விடாதீங்க. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. அது உயிரைப் பறிக்கும்.
- 6 வோல்ட் பேட்டரியை 12 வோல்ட் சார்ஜரில் போடாதீங்க. பல்புகளும் அப்படித்தான். முதலில் எத்தனை வோல்ட் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.
- சேஸி துருவில் அரித்துத் துளை விழுந்திருந்தால், மேலே புட்டி பூசி மறைக்காதீங்க. அனுபவமுள்ள பொமேனிடம் காட்டுங்கள்.

பெயிண்ட் கடைசியில்தான்

பலர் முதல் வாரமே எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு நட்டுகள் ஒரு டின்னில், ஸ்க்ரூக்கள் இன்னொரு டின்னில் என்று வருடக்கணக்கில் கிடக்கும். மோட்டாரும் போய்விடும், ஆசையும் போய்விடும்.

பிரேக், எஞ்ஜின், விளக்கு, ஹாரன் எல்லாம் சரியாகி, வீட்டு வளாகத்துக்குள் நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு பெயிண்டைப் பற்றி யோசிக்கலாம். கழற்றிய பழைய பாகங்களை உடனே தூக்கி எறிய வேண்டாம். புதிதாக வாங்கும் மாற்றுப் பாகம் சில நேரம் சரியாகப் பொருந்தாது. பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்பா ஒட்டிய ஸ்டிக்கரோ, கூடை உரசிய தழும்போ இருக்கட்டும் என்று தோன்றினால், அப்படியே விட்டுவிடுங்கள். அதில் தவறே இல்லை.

ஓடத் தொடங்கிய பிறகு

பழைய மோட்டாருக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் அதிகக் கெடுதல். ஒரு சின்ன அட்டவணை போதும்:

- ஒவ்வொரு முறையும் எடுப்பதற்கு முன்: பிரேக், விளக்கு, டயர் காற்று.
- வாரம் ஒருமுறை: எண்ணெய் அளவு. எஞ்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓர் ஓட்டம்.
- மாதம் ஒருமுறை: செயின் தளர்வு 10 முதல் 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா? காய்ந்திருந்தால் எண்ணெய் விடுங்கள். நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.
- ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை: எஞ்ஜின் ஆயில் மாற்றம். C70இல் மாற்றக்கூடிய காகித ஃபில்டர் கிடையாது. அழுக்கு எண்ணெயிலேயே சுற்றும்.
- சில வாரங்களுக்கு மேல் ஓட்டப்போவதில்லையா? பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் தங்கியதை வடித்துவிடுங்கள்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தேதி, செய்த வேலை, வாங்கிய பாகம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த முறை கோளாறு வந்தால் எங்கே தொடங்குவது என்று அது சொல்லும்.

அப்பா இன்னும் இருக்கிறார் என்றால், இந்த வாரக் கடைசியில் ஒரு நாற்காலியைக் கொட்டகைக்குப் பக்கத்தில் போட்டு அவரை உட்கார வைங்க. எந்த ஸ்க்ரூ எப்போதும் தளரும், எந்த நட்டு இறுகினால் வராது என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. அது அவருக்குத்தான் தெரியும்.