பாரிசிலும் தில்லியிலும் ஓர் இருக்கை: புதுச்சேரியின் நாடாளுமன்றப் பிரதிநிதித்துவமும் அன்றாட வாழ்வுச் சிக்கல்களும்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி மக்கள் 1871 முதல் பிரெஞ்சு நாடாளுமன்றத்திற்கும், 1963 முதல் இந்திய நாடாளுமன்றத்திற்கும் உறுப்பினரை அனுப்பி வந்துள்ளனர். வேலைநேரம், கூலி, உணவு, ஆலை மூடல் ஆகிய அன்றாடச் சிக்கல்கள் அந்த இருக்கையின் வழியாக எந்த அளவுக்குத் தீர்வு கண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பினரின் பேச்சுத்திறனைவிட, அவர் அமர்ந்த அவைக்கு இந்நிலப்பகுதியின் மீது இருந்த அதிகாரத்தின் தன்மையே விளைவைத் தீர்மானித்தது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சிந்தியா, நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம், வ. சுப்பையா, பஞ்சாலைத் தொழிலாளர், ஒன்றியப் பகுதி.

முன்னுரை

உழவர்கரை நகராட்சிக்குட்பட்ட சாரம் பகுதியில் வாழும் ஒரு குடும்பத்திற்குப் பங்கீட்டு அரிசி அரிசியாகக் கிடைக்குமா, வங்கிக் கணக்கில் பணமாக வருமா என்பது எங்கே முடிவாகிறது? 2015ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவண் அரசு உணவு மானியத்தைப் பணமாக வழங்கும் முறையைச் சண்டிகருடன் புதுச்சேரியிலும் தொடங்கியது. பின்னர், புதுச்சேரி அரசு வழங்கிவந்த இலவச அரிசி குறித்து அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தபோது, அது 1963ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி நடுவண் அரசிடம் சென்றது. தமிழ்நாட்டில் சென்னைக் கோட்டையோடு முடிந்துவிடும் ஒரு செய்தி, புதுச்சேரியில் தில்லிக்குப் போக நேர்கிறது. ஆகவே இங்கு நாடாளுமன்ற உறுப்பினரின் பணி மற்ற தொகுதிகளில் உள்ளதைப் போன்றதன்று. இந்நிலைக்கு ஒரு நீண்ட முன்வரலாறு உண்டு.

பாரிசில் இருந்த இருக்கை

1848 புரட்சிக்குப்பின் பிரெஞ்சிந்தியாவுக்கு நாடாளுமன்ற இருக்கை ஒன்று அளிக்கப்பட்டது. இரண்டாம் பேரரசுக் காலத்தில் பறிக்கப்பட்ட அவ்வுரிமை, 1871இல் மூன்றாம் குடியரசின் தொடக்கத்தில் மீண்டது. பிரித்தானிய இந்தியாவில் அக்காலத்தில் எந்த இந்தியருக்கும் இலண்டன் நாடாளுமன்றத்திற்கு ஆளனுப்பும் உரிமை இல்லை. இவ்வொப்பீட்டைக் கொண்டு பிரெஞ்சாட்சியைப் புகழ்ந்தோர் பலர். ஆனால் அவ்வுரிமை நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதே வரலாற்றாய்வுக்கு உரிய கேள்வி.

வாக்குரிமை ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. உள்ளாட்சி அவைகளுக்கு வாக்காளர் பட்டியல்களைப் பிரித்து, சிறுதொகையினரான ஐரோப்பியருக்கு மிகுதியான இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1884இல் ஐரோப்பியர், தம் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றோர், ஏனையோர் என மூன்று பட்டியல்கள் ஏற்பட்டன. 1899இல் அவை இரண்டாகக் குறைக்கப்பட்டன. நாடாளுமன்றத் தேர்தலில் பட்டியல் வேறுபாட்டைவிட உள்ளூர்த் தலைவர்களின் பிடியே வலிமையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சண்முக வேலாயுத முதலியாரின் ஆதரவின்றி எவரும் வெல்வது அரிது என்ற நிலை நிலவியது. பியேர் அலீப், போல் புளூய்சேன் முதலிய பாரிசு அரசியலாளர்கள் இத்தொகுதியைப் பலமுறை வென்றனர். 1914ஆம் ஆண்டுத் தேர்தலில் போல் ரிஷார் போட்டியிட்டபோது, புதுச்சேரியில் தங்கியிருந்த அரவிந்தரும் பாரதியாரும் அவருக்கு ஆதரவாக நின்றனர், வென்றவரோ புளூய்சேன். நாடறிந்த இருவரின் ஆதரவைக்காட்டிலும் வாக்குப்பெட்டியைச் சூழ்ந்திருந்த ஏற்பாடுகளே மேலோங்கின என்று கருத இடமுண்டு.

இதனினும் அடிப்படையான தடை ஒன்று இருந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் குடியேற்ற நாடுகளுக்குத் தானாகச் செல்லாது. அந்நாடுகள் பெரும்பாலும் அரசாணைகளால் ஆளப்பட்டன. அதாவது, புதுச்சேரி உறுப்பினர் சட்டமியற்றும் அவையில் அமர்ந்திருந்தார். அவருடைய தொகுதியோ அமைச்சகத்தின் ஆணைகளால் ஆளப்பட்டது. எனவே அவருடைய செல்வாக்கு அவைமேடையைவிடக் குடியேற்ற நாட்டு அமைச்சகத்தின் தாழ்வாரங்களிலேயே பயன்பட்டது. பதவி, பரிந்துரை, ஒப்பந்தம் ஆகியவற்றுக்கு அத்தாழ்வாரம் உதவும். ஆலைச் சங்கொலிக்கு ஏற்ப விழித்தெழும் தொழிலாளிக்கு அதனால் விளைந்தது குறைவு.

1936: தெருவிலிருந்து ஆணைக்கு

சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று பஞ்சாலைகள் புதுச்சேரிப் பொருளாதாரத்தின் முதுகெலும்பாக இருந்தன. 1919ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கை எட்டு மணி நேர நாளை வகுத்தது. ஆனால் அது பிரித்தானிய இந்தியாவுக்கு வாரம் 60 மணி நேரம் என விலக்களித்தது. 1934ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்திற்கு 54 மணி நேரம் என்றது. பிரெஞ்சிந்தியத் தொழிலாளிக்கோ இத்தகைய காப்பும் கிட்டவில்லை.

1911இல் பிறந்த வ. சுப்பையா, 1934இல் ‘சுதந்திரம்’ இதழைத் தொடங்கித் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். வேலைநிறுத்தம் முற்றிய நிலையில் 1936 சூலை 30 அன்று சவானா ஆலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் புதுச்சேரியில் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. அப்போது பாரிசில் லெயோன் புளூமின் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி நடந்தது. சூன் மாதத்தில் பிரான்சுத் தொழிலாளருக்கு 40 மணி நேர வாரச் சட்டம் நிறைவேறியிருந்தது; அதே குடியரசின் கொடியின்கீழ் அடுத்த மாதமே புதுச்சேரியில் தொழிலாளர் சுடப்பட்டனர்.

சுப்பையா 1937இல் பாரிசு சென்று தொழிலாளர் வழக்கை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று பிறப்பிக்கப்பட்ட அரசாணை, பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாளுக்கும் தொழிற்சங்க உரிமைக்கும் வழிவகுத்தது. ஆசியாவிலேயே இதுதான் முதன்முறை என்று கூறுவது புதுச்சேரி மேடை வழக்கு. அக்கூற்றை நாடுதோறும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். எனினும், பிரித்தானிய இந்திய ஆலைகளில் 48 மணி நேர வாரம் 1946இல்தான் சட்டமாயிற்று என்னும் ஒப்பீடே புதுச்சேரித் தொழிலாளரின் ஈட்டத்தைக் காட்டப் போதுமானது.

இங்குக் கருதத்தக்கது யாதெனில், 66 ஆண்டுகள் பாரிசில் தொடர்ந்து இருக்கை பெற்றிருந்த ஒரு நிலப்பகுதியின் மிக இன்றியமையாத வாழ்வுச் சிக்கல், அவ்விருக்கையில் அமர்ந்திராத ஓர் இளைஞரின் பயணத்தாலும் பன்னிருவரின் இறப்பாலும் தீர்வு கண்டது. அத்தீர்வும் நாடாளுமன்றச் சட்டமாக வாராமல் அரசாணையாகவே வந்தது.

1945இல் வாக்காளர் பட்டியல் பிரிவினை நீங்கி, பெண்களும் வாக்குரிமை பெற்றனர். அதன் விளைவு விரைவில் தெரிந்தது. சுப்பையாவின் தேசிய சனநாயக முன்னணி உள்ளூர்த் தேர்தல்களில் வென்றது. அவரே 1947இல் பிரெஞ்சு நாடாளுமன்ற மேலவையான குடியரசு மன்றத்திற்கு உறுப்பினரானார். ஆனால் 1946ஆம் ஆண்டின் அரசமைப்பு சட்டமியற்றும் இறுதி அதிகாரத்தைக் கீழவையிடம் மட்டுமே விட்டிருந்தது. மேலவை கருத்துரைக்கும் அவையாகவே இருந்தது. தொழிலாளரின் தலைவர் அவைக்குள் நுழைந்தபோது, அவருக்கு வாய்த்தது அதிகாரம் குறைந்த அவை. 1948இல் அவ்வுறுப்பினர் பொறுப்பும் முடிந்தது.

இடைவெளி

1951இல் கீழவைக்குச் சென்ற எதுவார் குபேர், 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் சாய்ந்தார். இதற்குக் கொள்கையை மட்டும் காரணமாகக் காட்டுவது பொருந்தாது. 1941 முதல் நிலவிய சுங்க ஒன்றிய ஏற்பாடு 1949இல் முடிவுற்றபின், ஊருக்கு ஊர் எல்லை குறுக்கிடும் இப்பகுதியில் சரக்குப் போக்குவரத்தே அரசியலாயிற்று. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேரில் 170 பேர் இணைப்பை ஏற்றனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

இதன்பின் வரும் காலம் ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்க்காதது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகியும் 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பாரிசு இருக்கை போயிற்று. தில்லி இருக்கை வரவில்லை. அரசமைப்பின் 14ஆம் திருத்தத்திற்குப் பின்னரே இந்திய நாடாளுமன்றத்தில் புதுச்சேரிக்கு இடம் கிடைத்தது. உரிமை விரிவடைந்ததாக எழுதப்படும் காலத்திலேயே எந்த நாடாளுமன்றத்திலும் குரலற்ற ஆண்டுகள் பல கழிந்தன.

தில்லியில் ஆலையின் விதி

1963க்குப் பிந்தைய நிலை ஒரு வகையில் பாரிசு நிலைக்கு நேர்மாறானது. மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என எண்ணிக்கை சிறிது. ஆனால் நாடாளுமன்றச் சட்டம் புதுச்சேரிக்கு நேரடியாகச் செல்லும். ஒன்றியப் பகுதி என்பதால் உள்துறை அமைச்சகத்தை நோக்கிக் கேள்வி எழுப்பவும் முடியும். மாநில உறுப்பினர் ஒருவர் தில்லியில் எழுப்பினால் ‘இது மாநில அரசின் பொருள்’ என்ற விடை கிடைக்கக்கூடிய சிக்கலைப் புதுச்சேரி உறுப்பினர் உரிமையுடன் எழுப்பலாம்.

இதற்குச் சவானா ஆலையே சான்று. பின்னாளில் சுதேசி மில் ஆன அவ்வாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் ஆறு ஆலைகளுள் ஒன்றாயிற்று. 1978 ஏப்ரலில் நடுவண் அரசு அந்நிறுவனத்தின் நிருவாகத்தை ஏற்றது. நிறுவனத்தின் கருத்தைக் கேளாமல் ஏற்றது இயற்கை நீதிக்குப் புறம்பானது என உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. 1986இல் நாடாளுமன்றமே தனிச்சட்டம் இயற்றி ஆறு ஆலைகளையும் அரசுடைமையாக்கியது. புதுச்சேரி ஆலை தேசியப் பஞ்சாலைக் கழகத்தின்கீழ் வந்தது. 1937இல் ஓர் ஆணைக்காகப் பாரிசு வரை செல்ல நேர்ந்த அதே ஆலைத் தொழிலாளரின் வாழ்வு, அரை நூற்றாண்டுக்குப்பின் தம் உறுப்பினர்கள் அமர்ந்திருந்த அவைகளின் சட்டத்தால் தீர்மானிக்கப்பட்டது.

அச்சட்டமும் வேலையை நிலைக்கச் செய்யவில்லை. 2005இல் சுதேசி, பாரதி ஆலைகள் புதுச்சேரி அரசிடம் வந்தன. ரோடியர் ஆலையின் வழிவந்த ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று மூடப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அரிசி வழக்கில் அமைச்சரவையும் துணைநிலை ஆளுநரும் மாறுபட்டால் நடுவண் அரசின் முடிவே செல்லும் எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது.