ஐபிஎல் வீரர் பரிமாற்ற முறை: வரலாறும் காலக்கெடுக்களும்

ஐபிஎல் வீரர் பரிமாற்ற முறை என்பது, ஓர் அணியுடன் ஒப்பந்தத்தில் உள்ள கிரிக்கெட் வீரர் ஏலத்திற்குச் செல்லாமலேயே மற்றோர் அணிக்கு மாற்றப்படுவதைக் குறிக்கும். பணத்திற்கு ஈடாகவும் மாற்றலாம்; வேறொரு வீரருக்கு ஈடாகவும் மாற்றலாம். 2009ஆம் ஆண்டுத் தொடருக்கு முன் இம்முறை நடைமுறைக்கு வந்தது. எப்போது மாற்றலாம், யார் முதலில் கேட்கலாம், வீரரின் சம்மதம் வேண்டுமா என்னும் மூன்று கேள்விகள் இதில் அடங்கியுள்ளன. ஒரு நட்சத்திர வீரர் எந்த அணியில் ஆடுவார் என்பதைப் பணத்தைப் போலவே இம்மூன்று விதிகளும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் இதே கேள்விகளுக்கு நூறாண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகிறார்கள். அந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஐபிஎல் விதிகளின் பொருள் தெளிவாகும்.

தாமிரபரணிக் கரையும் ஐபிஎல்லும்

திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள தாழையூத்தில் 1949ஆம் ஆண்டு இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இந்நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர். அவர் பெயராலேயே ஆலைக் குடியிருப்பு சங்கர் நகர் என்று வழங்கப்படுகிறது. கிரிக்கெட் வீரர்களுக்கு வேலை கொடுத்து ஆதரிக்கும் வழக்கம் இந்நிறுவனத்திற்கு இருந்தது.

2008ஆம் ஆண்டு ஜனவரியில் ஐபிஎல் அணிகள் ஏலம் விடப்பட்டபோது சென்னை அணியை 9.1 கோடி அமெரிக்க டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் எடுத்தது. அதுவே சென்னை சூப்பர் கிங்ஸ். அடுத்த மாதம் நடந்த வீரர்கள் ஏலத்தில் மகேந்திரசிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு அந்த அணி வாங்கியது. சங்கர் நகரிலுள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் எனப்படும் டிஎன்பிஎல் போட்டிகள் நடக்கும் இடங்களுள் ஒன்றாக உள்ளது. ஆகவே வீரர் ஏலமும் பரிமாற்றமும் நெல்லைச் சீமைக்குத் தொலைவான செய்திகள் அல்ல.

அடிபந்தாட்டத்தில் ஆகஸ்ட் மாத வேவர் முறை

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இப்போது 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். 2018 வரை ஜூலை 31ஆம் தேதிக்குள் வீரர்களைத் தடையின்றிப் பரிமாறிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. அதற்குப் பின்னும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குறுகிய வழி திறந்திருந்தது. அதற்கு 'வேவர்' என்று பெயர். உரிமையை விட்டுக்கொடுத்தல் என்பது அதன் பொருள்.

ஓர் அணி தன் வீரரை ஆகஸ்டில் மாற்ற விரும்பினால் முதலில் அவரை வேவர் பட்டியலில் வைக்க வேண்டும். மற்ற அணிகள் அவர்மீது உரிமை கோரலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கோரினால், அதே லீக்கில் புள்ளிப் பட்டியலில் கடைசியில் இருக்கும் அணிக்கே முன்னுரிமை. கோரிக்கை வந்தபின் பழைய அணிக்கு மூன்று வழிகள் உண்டு: வீரரைத் திரும்பப் பெறலாம்; கோரிய அணியோடு பேரம் பேசலாம்; அல்லது சம்பளச் சுமை முழுவதையும் அந்த அணியின் தலையில் வைத்துவிட்டு வீரரை அப்படியே விட்டுவிடலாம். யாருமே கோரவில்லை என்றால் எந்த அணிக்கும் அவரை மாற்றலாம்.

பலவீனமான அணிக்கு முன்னுரிமை கொடுப்பதே இந்த விதியின் நோக்கம். நடைமுறையில் அது வேறு விதமாகவும் பயன்பட்டது. தனக்கு வேண்டாத வீரரையும், எதிரி அணிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே சில அணிகள் கோரின. 1998இல் சான் டியேகோ அணி பந்து வீச்சாளர் ராண்டி மையர்ஸை இவ்வாறு கோரியது. அவர் அட்லாண்டா அணிக்குப் போகாமல் தடுப்பதே அதன் எண்ணம் என்று கருதப்பட்டது. டொரண்டோ அணியோ பேரம் எதுவும் பேசாமல் அவரை விட்டுவிட்டது. ஒரு கோடி டாலருக்கும் அதிகமான சம்பளப் பொறுப்பு சான் டியேகோவின் மீது விழுந்தது. அந்த ஆண்டுக்குப் பிறகு மையர்ஸ் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை.

பெரிய சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களைக் கோரப் பெரும்பாலான அணிகள் அஞ்சின. அதனால் அவர்கள் வேவரைத் தாண்டி, பணவசதி உள்ள முன்னணி அணிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று நள்ளிரவுக் காலக்கெடுவுக்குச் சற்று முன்பு, டெட்ராய்ட் அணியின் ஜஸ்டின் வெர்லாண்டர் ஹூஸ்டன் அணிக்கு மாறச் சம்மதித்தார். அந்த ஆண்டே ஹூஸ்டன் முதன்முறையாக உலகத் தொடரை வென்றது. 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் அணி அனுபவசாலியான டாயில் அலெக்சாண்டரைப் பெறுவதற்காக ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இளைஞரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. அலெக்சாண்டர் அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதியில் டெட்ராய்டுக்காக 9 வெற்றிகள் பெற்றார். ஒரு தோல்வியும் இல்லை. ஸ்மோல்ட்ஸோ பிற்காலத்தில் புகழ் மன்றத்தில் இடம்பெறும் அளவுக்கு உயர்ந்தார். இன்றைய வெற்றிக்காக நாளைய வீரரைக் கொடுப்பது கடைசி நேரப் பரிமாற்றத்தின் இயல்பு.

2019இல் ஆகஸ்ட் மாதப் பரிமாற்றம் நீக்கப்பட்டது. வீரர்களை விடுவிக்கும்போது பயன்படும் சாதாரண வேவர் முறை மட்டும் தொடர்ந்தது.

சம்மதம் என்ற கேள்வி இதைவிடப் பழையது. 1969இல் செயிண்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட் என்ற வீரரைக் கேட்காமலே பிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அவர் மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி முடியவில்லை. 1975இல் ஒரு நடுவர் தீர்ப்பின் மூலம், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் விரும்பிய அணியில் சேரும் உரிமை பெற வழி பிறந்தது.

ஐபிஎல்லில் முதல் பரிமாற்றங்கள்

2009 தொடருக்கு முன் பெங்களூரு அணியின் ஜாகீர் கானும் மும்பை அணியின் ராபின் உத்தப்பாவும் ஒருவருக்கொருவர் ஈடாக மாற்றப்பட்டார்கள். டெல்லியின் ஷிகர் தவானுக்கும் மும்பையின் ஆஷிஷ் நெஹ்ராவுக்கும் இடையே அதே காலத்தில் மற்றொரு மாற்றம் நடந்தது.

மாற்றத்தை அணிகள்தாம் பேச வேண்டும், வீரர் தாமாகப் பேசக் கூடாது என்பது 2010இல் கண்டிப்பாக உணர்த்தப்பட்டது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியில் இருந்த ரவீந்திர ஜடேஜா, அந்த அணி விடுவிக்கும் முன்பே மற்றோர் அணியுடன் பேச முயன்றதாக அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21.

2012 ஏலத்தில் அதே ஜடேஜாவுக்காகச் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் உச்ச வரம்பான 20 லட்சம் டாலர் வரை சென்றன. இரண்டும் சமமாக நின்றதால், ஒவ்வோர் அணியும் கூடுதலாக எவ்வளவு தரும் என்பதை இரகசியமாக எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் சென்னை வென்றது.

2015: இரு அணிகளின் தடையும் வீரர் தெரிவும்

சூதாட்டப் புகார் தொடர்பாக நீதிபதி லோதா குழு 2015 ஜூலையில் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டுத் தடை விதித்தது. அவற்றின் இடத்தை நிரப்ப இரண்டு புதிய அணிகள் தலைகீழ் ஏலத்தின் மூலம் தேர்வாயின. புனே அணியின் கேட்புத் தொகை ராஜ்கோட்டின் தொகையைவிடக் குறைவாக இருந்ததால், முதலில் வீரரைத் தெரிவு செய்யும் உரிமை புனேவுக்குக் கிடைத்தது.

2015 டிசம்பர் 15 அன்று நடந்த தெரிவில் புனே முதலில் தோனியை எடுத்தது. ராஜ்கோட் சுரேஷ் ரெய்னாவை எடுத்தது. பிறகு புனே ரஹானேவையும், ராஜ்கோட் ஜடேஜாவையும், புனே அஸ்வினையும் எடுத்தன. முதல் தெரிவுக்கு 12.5 கோடி ரூபாய், இரண்டாவதற்கு 9.5 கோடி, மூன்றாவதற்கு 7.5 கோடி என்று சம்பளம் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. வேவர் முறையைப் போல இங்கும் பணத்தைவிட வரிசையே முக்கியமாயிற்று. எட்டாண்டுகள் ஒன்றாக ஆடிய தோனியும் ரெய்னாவும் சில நிமிட இடைவெளியில் எதிரெதிர் அணிகளுக்குப் போனார்கள்.

இன்றைய விதிகள்

தொடர் முடிந்த ஒரு மாதத்தில் பரிமாற்றக் காலம் தொடங்குகிறது. அடுத்த ஏலத்திற்கு ஒரு வாரம் இருக்கும்போது அது மூடப்படும். ஏலம் முடிந்தபின் மீண்டும் திறந்து, புதிய தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை நீடிக்கும். அந்த ஏலத்தில் வாங்கிய வீரரை உடனே மாற்ற முடியாது. பரிமாற்றத்திற்கு வீரரின் சம்மதம் கட்டாயம். மாறும் வீரரின் சம்பளம் புதிய அணியின் ஏலக் கையிருப்பில் கழியும். பழைய அணியின் கையிருப்பில் கூடும்.

அணி ஒரு வீரரை விடுவித்தால் அவர் பொது ஏலத்திற்குச் செல்வார். அங்கே கடைசி இடத்து அணிக்கு முன்னுரிமை கிடையாது. கையில் அதிகப் பணம் வைத்திருக்கும் அணிக்கே வாய்ப்பு. சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணி கோப்பை வெல்ல உதவிய அவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கியது. காயத்தால் ஓர் ஆட்டத்தோடு அவர் 2019 தொடர் முடிந்தது. பஞ்சாப் விடுவித்ததும் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. ஊதியம் பாதிக்கும் கீழே இறங்கினாலும், அவர் இந்திய அணிக்கு உயர்ந்தது கொல்கத்தாவில் ஆடிய காலத்தில்தான்.

தொடரின் நடுவே

2018இல் தொடரின் பாதியில் வீரரை மாற்றும் வசதி ஐபிஎல்லிலும் அறிமுகமானது. இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரரை மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. எனவே நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் நட்சத்திரம் எவரும் இதன்வழி அணி மாற இயலாது. 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த தொடரிலும் பல பெயர்கள் பேசப்பட்டன. பெரிய வீரர் எவரும் மாறவில்லை. வெர்லாண்டர் மாறியது போன்ற ஒரு கடைசி நேர மாற்றத்திற்கு ஐபிஎல் இடம் வைக்கவில்லை. கோப்பை தெரியும் தூரத்தில் இருக்கும் அணி, தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் சிறந்த வீரரைப் பறித்துக்கொள்ள முடியாது என்பது இதன் பயன்.

குறிப்பிடத்தக்க பரிமாற்றங்கள்

2019 நவம்பரில் பஞ்சாப் அணித் தலைவராக இருந்த ரவிச்சந்திரன் அஸ்வின் டெல்லிக்கு மாற்றப்பட்டார். ஈடாக 1.5 கோடி ரூபாயும் சுழற்பந்து வீச்சாளர் ஜெகதீஷா சுசித்தும் பஞ்சாபுக்குச் சென்றார்கள். செய்திகளில் அஸ்வின் பெயரே பெரிதாக வந்தது. ஆனால் அன்று அணி மாறியவர்கள் இருவர்.

2023இல் வீரர்களைத் தக்கவைக்கும் கடைசி நாளான நவம்பர் 26 அன்று, குஜராத் அணியின் பட்டியலில் தலைவர் ஹார்திக் பாண்டியாவின் பெயர் இருந்தது. மறுநாள் அவர் மும்பைக்குப் போனது அறிவிக்கப்பட்டது. 17.5 கோடி சம்பளம் பெற்ற கேமரூன் கிரீனை மும்பை பெங்களூருவுக்கு மாற்றியதால் இதற்கான நிதியும் இடமும் கிடைத்தன.

2025 நவம்பரில் ராஜஸ்தான் அணித் தலைவர் சஞ்சு சாம்சன் 18 கோடியில் சென்னைக்கு வந்தார். சென்னையிலிருந்து ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். 18 கோடி பெற்றுவந்த ஜடேஜாவின் சம்பளம் 14 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதே காலக்கெடுவில் இலங்கை வீரர்களான வனிந்து ஹசரங்காவையும் மஹீஷ் தீக்‌ஷனாவையும் ராஜஸ்தான் விடுவித்தது. எந்த அணியிலிருந்து தாமாக விலக முயன்றதற்காக 2010இல் தண்டிக்கப்பட்டாரோ, அதே அணிக்கு, இரு அணிகளின் உடன்பாட்டின்படி, ஜடேஜா திரும்பினார்.

டிஎன்பிஎல்

டிஎன்பிஎல்லின் முதல் ஆறு பருவங்களில் அணிகள் முறைவைத்து வீரர்களைத் தெரிவு செய்தன. 2023 பிப்ரவரியில்தான் முதல் ஏலம் நடந்தது. ஓர் அணிக்கு மொத்தமே 70 லட்சம் ரூபாய் வரம்பு. அதில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21.6 லட்சத்திற்கு வாங்கியது. அப்போது குஜராத் அணியில் அவருடைய ஐபிஎல் சம்பளம் 20 லட்சம். பெரிய மேடை தராத விலையை மாநில ஏலம் தந்தது. அந்த ஆண்டின் இறுதிப் போட்டி ஜூலை 12 அன்று சங்கர் நகர் மைதானத்தில் நடந்தது. சொந்த ஊரில் ஆடிய நெல்லை ராயல் கிங்ஸ் அணியைக் கோவை வென்றது.

மதிப்பீடு

அடிபந்தாட்டம் பலவீனமான அணிக்கு முன்னுரிமை கொடுத்தது. கடைசி வாரங்களில் கதவைத் திறந்தும் வைத்தது. பணமுள்ள அணிகள் அதைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டதால் கதவைச் சாத்த நேர்ந்தது. ஐபிஎல் அந்தக் கதவைத் தொடக்கத்திலிருந்தே ஏறக்குறைய மூடியே வைத்துள்ளது. அதனால் பெரிய மாற்றங்கள் நவம்பர் மாதக் காலக்கெடுவை ஒட்டி நிகழ்கின்றன.

சம்மதம் என்ற விதி எல்லோருக்கும் பொதுவானது. அதன் வலிமை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒரு பாண்டியாவோ சாம்சனோ 'மாட்டேன்' என்றால் பரிமாற்றம் நின்றுபோகும். குறைந்த சம்பளத்தில் இருக்கும் இளைஞர் 'மாட்டேன்' என்றால் அடுத்த பட்டியலில் அவர் விடுவிக்கப்படலாம். ஏலத்தில் யாரும் கேட்காமலும் போகலாம். சங்கர் நகர் மைதானத்தில் மாவட்ட அணிக்காக ஆடும் ஓர் இளைஞர் என்றாவது ஐபிஎல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, தொகையோடு சேர்த்து அவர் படித்துப் பார்க்க வேண்டியவை இந்தக் காலக்கெடுக்களும் நிபந்தனைகளும்.