பழைய சட்டையும் நாலு பேர் வாயும்

ஆபீசில் எனக்கு ஒரு பட்டப்பேர் உண்டு: 'ஈஸ்ட்மென் கலர்'. காரணம் என் உடுப்பு. பொட்டி தட்டுற மத்த எல்லாரும் டி-ஷர்ட், ஜீன்ஸ்னு வர்ற இடத்துல நான் மட்டும் இடுப்புக்கு மேல ஏத்திப் போடுற ப்ளீட்ஸ் வச்ச பேண்ட், அகலக் காலர் சட்டை, தினமும் சாவி கொடுக்கிற எச்.எம்.டி. வாட்ச்னு போவேன். பாதி தாத்தாவோடது. மீதி அதே அளவை வச்சு ஊர் டெய்லர்கிட்ட தச்சது. பிடிச்சிருக்கு, போடறேன். அவ்ளோதான்.

ஆனா நாலு பேர் அப்படி விட்டுடுவாங்களா? லிஃப்ட்ல "என்ன பாஸ், ஷூட்டிங்கா?" கேண்டீன்ல "பேண்டை இன்னும் கொஞ்சம் ஏத்துனா சட்டையே தேவைப்படாது ஜி." தீபாவளிக்கு வந்த அத்தை ஒரு படி மேல போய், "செத்துப் போனவரு துணியை மாட்டிக்கிட்டுத் திரியறியே, உனக்கென்ன சம்பளமா வரல?"ன்னு கேட்டாங்க.

இதெல்லாம் கூடப் பழகிப் போச்சு. எங்க டேமேஜர் ஒரு நாள் 'விண்டேஜ்'னு லேபிள் ஒட்டின நாலாயிரம் ரூபா சட்டையில வந்தார். என் சட்டையோட அதே காலர், கிட்டத்தட்ட அதே கட்டம். மொத்த டீமும் "சார், செம க்ளாசிக்!"னு பாராட்டுது. அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அப்போ கிண்டல் சட்டைக்கு இல்லையா?

எஞ்சினியரிங் படிச்சவனுக்கு எதுக்குய்யா வரலாறுன்னு கேக்காதீங்க. பக் எங்க இருக்குன்னு தேடறதுதானே நம்ம பொழப்பு. பழைய பாணியில உடுத்தி வாங்கிக் கட்டிக்கிட்டவங்க கதைகளைத் தேடினேன். மூணு கதை சிக்குச்சு.

1882: முழங்கால் கால்சட்டை

முதல் ஆள் ஆஸ்கர் வைல்டு. எழுத்தாளரா உலகத்துக்குத் தெரியறதுக்கு முன்னாடியே உடையால பிரபலமானவர். 1882 ஜனவரியில சொற்பொழிவு சுற்றுப்பயணமா அமெரிக்கா போறார். அப்போ வயசு 27. நாடகம் எதுவும் மேடையேறலை, கையில ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு. ஆனா போட்டிருந்த உடை? வெல்வெட் கோட்டு, பட்டு ஸ்டாக்கிங்ஸ், முழங்காலோட நின்னுடற ப்ரீச்சஸ் கால்சட்டை.

இந்த ப்ரீச்சஸுக்கு ஒரு சரித்திரம் இருக்கு. 18-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பியக் கனவான்கள் எல்லாருமே போட்டது அதுதான். பிரெஞ்சுப் புரட்சியில தெருவுல இறங்கின சாமானியர்களுக்கு 'சான்-குலோத்'னு பேர் வந்ததே, அந்தக் கால்சட்டை போடாதவங்கங்கிற அர்த்தத்துலதான். கொஞ்சம் கொஞ்சமா முழுநீளப் பேண்ட் ஜெயிச்சுது. 1882-ல ப்ரீச்சஸ்ங்கிறது தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

அதுக்கு முன்னாடியே லண்டன்ல கிண்டல் ஆரம்பிச்சாச்சு. 'பஞ்ச்' பத்திரிகையில ஜார்ஜ் டு மோரியே இந்த அழகியல் கோஷ்டியைக் கார்ட்டூன் போட்டுக் காய்ச்சிக்கிட்டிருந்தார். 1881-ல கில்பர்ட்-சல்லிவன் ஜோடி 'பேஷன்ஸ்'னு ஒரு இசை நாடகமே போட்டுக் கலாய்ச்சுது. அதைத் தயாரிச்ச டாய்லி கார்ட்தான் வைல்டை அமெரிக்காவுக்கு அனுப்பினதும். ஏன்? நாடகத்துல கிண்டலடிக்கப்படுற ஆசாமிகள் எப்படி இருப்பாங்கன்னு அமெரிக்கக்காரங்களுக்குத் தெரியணுமே! கிண்டலுக்கு மாடல் பீஸ். நம்ம ஊர் மார்க்கெட்டிங்காரங்க கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க.

ஜனவரி 31, பாஸ்டன். ஹார்வர்ட் மாணவர்கள் 60 பேர் ப்ரீச்சஸ் மாட்டி, கையில சூரியகாந்திப் பூ வச்சுக்கிட்டு, ஜோடி ஜோடியா அரங்கத்துக்குள்ள நடந்து வந்து முன் வரிசையில உக்காந்தாங்க. வைல்டைக் கேவலப்படுத்தற திட்டம். ஆனா விஷயம் முன்னாடியே அவர் காதுக்குப் போயிருச்சு. மேடைக்கு வந்தார் பாருங்க, சாதாரண முழுநீளப் பேண்ட், சாதாரண கோட்டு! மொத்த அரங்கத்துலயும் கோமாளி வேஷத்துல இருந்தது அந்த 60 பேர் மட்டும்தான். சீடர்கள்கிட்டேயிருந்து என்னைக் காப்பாத்துங்கன்னு வைல்டு கிண்டலா ஒரு போடு போட, அரங்கம் அவர் பக்கம் சாஞ்சிருச்சு.

இதுவரை ஜாலியான கதை. ஆனா அதே மாசம் 'வாஷிங்டன் போஸ்ட்' முதல் பக்கத்துல ஒரு படம் போட்டுது. ஒரு பக்கம் 'போர்னியோ காட்டு மனிதன்'னு ஒரு உருவம், இன்னொரு பக்கம் கையில பூவோட வைல்டு. இதுக்கும் அதுக்கும் எவ்வளவு தூரம்னு ஒரு கேள்வி. வைல்டு ஐரிஷ்காரர். அந்தக் காலத்துல ஐரிஷ்காரங்களைக் குரங்கு ஜாடையில வரையறது ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு வாடிக்கை. இங்க கால்சட்டை எங்க வந்துச்சு?

இன்னொரு கொடுமை. அதே 1882-ல பிரிட்டன் அரசவை விழாவுக்குப் போற ஆண்களுக்கு விதிச்சிருந்த உடையே வெல்வெட் கோட்டும் ப்ரீச்சஸும்தான்! ராணி முன்னாடி நிக்கிற பிரபு போட்டா மரியாதை. மேடையில நிக்கிற ஐரிஷ் கவிஞன் போட்டா காட்டு மனிதன்.

இதுல ஒரு உபகதை. நியூயார்க் போன கையோட வைல்டை நெப்போலியன் சரோனிங்கிற போட்டோக்காரர் அந்த உடையில படமா எடுத்துத் தள்ளினார். ஒரு அச்சகம் அதுல ஒண்ணை அனுமதியில்லாம 85,000 பிரதி அடிச்சிருச்சு. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1884-ல சரோனி பக்கம் தீர்ப்பு. உடை, திரைச்சீலை, வெளிச்சம் எல்லாத்தையும் யோசிச்சு அமைச்சதால புகைப்படமும் ஒரு படைப்புதான், அதுக்கும் காப்புரிமை உண்டுன்னு சொல்லிட்டாங்க. ஊர் சிரிச்ச உடை சட்டப் புத்தகத்துல ஏறின கதை இது.

1953: எட்வர்டு சூட்

ரெண்டாவது கதையில சிரிப்பு கம்மி. இரண்டாம் உலகப்போர்ல பிரிட்டன்ல துணிக்கு ரேஷன். 1941-ல ஆரம்பிச்சு 1949 வரைக்கும் கூப்பன் கொடுத்தாதான் துணி. பேண்ட் அடியில மடிப்பு வைக்கக்கூடாதுன்னு கூட நடுவுல தடை இருந்துச்சு. போர் முடிஞ்சதும் லண்டன் சாவில் ரோ டெய்லர்கள், ஏழாம் எட்வர்டு மன்னர் காலத்துப் பாணியைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அவர் ஆண்டது 1901-லேருந்து 1910 வரை. நீளமான கோட்டு, வெல்வெட் காலர், பூ வேலை செஞ்ச வெயிஸ்ட்கோட், குழாய் மாதிரி ஒடுக்கமான பேண்ட். வாடிக்கையாளர்கள் ராணுவத்தின் கார்ட்ஸ் அதிகாரிகளும் பணக்காரப் பையன்களும். ஆஹா, என்ன நேர்த்தின்னு பேரு.

1950-களின் தொடக்கத்துல தெற்கு லண்டன் உழைப்பாளி வீட்டுப் பசங்க அதே பாணியை எடுத்துக்கிட்டாங்க. வாரச் சம்பளத்துல தவணை கட்டித் தச்சுக்கிட்ட சூட்டு, தலையில வழிய வழிய பிரில்கிரீம், காலுல தடிச்ச க்ரேப் சோல் ஷூ. அப்பனுக்குக் கிடைக்காத உடை மகனுக்கு. அவங்களுக்கு அது வெறும் துணி இல்ல.

1953 ஜூலை 2. கிளாபம் காமன் பூங்காவில வாய்த்தகராறுல ஆரம்பிச்ச சண்டை, 17 வயசுப் பையன் ஒருத்தன் கத்திக்குத்துல சாகறதுல முடிஞ்சுது. ஒரு இளைஞனுக்குத் தூக்குத் தண்டனை விதிச்சு, 1954-ல அது ஆயுளாக் குறைஞ்சுது. குத்தம் செஞ்சவனைத் தண்டிக்கணும், சந்தேகமே இல்ல. ஆனா பத்திரிகைகள் கத்தியோட சூட்டையும் சேர்த்துக் கூண்டுல ஏத்துச்சு. அந்த வருஷம் செப்டம்பர்ல 'டெய்லி எக்ஸ்பிரஸ்' எட்வர்டியன்ங்கிற வார்த்தையை 'டெடி'ன்னு சுருக்கித் தலைப்பு போட்டுது. டெடி பாய் பிறந்தான். சினிமா தியேட்டர்லயும் நடன அரங்குலயும் எட்வர்டு சூட்டுக்கும் க்ரேப் சோலுக்கும் அனுமதி இல்லைன்னு போர்டு தொங்குச்சு.

கார்ட்ஸ் அதிகாரிகள் என்ன பண்ணாங்க? சத்தமில்லாம அந்தப் பாணியைக் கைகழுவிட்டாங்க. அவங்க போட்டப்போ ரசனை, அடுத்த தெரு மெக்கானிக் பையன் போட்டதும் ரவுடித்தனம். என் டேமேஜர் சட்டைக் கதைதான். ஆனா இங்க விலை ரொம்ப ஜாஸ்தி.

பாவம் டெடி பாய்கள்னு இதோட முடிச்சுட்டா நல்லா இருக்கும். வரலாறு அப்படி விடாது. 1958 ஆகஸ்ட் கடைசியில நாட்டிங் ஹில்ல கரீபியன் தீவுகள்லேருந்து குடியேறின கறுப்பின மக்களைத் தேடித் தேடி அடிச்ச கும்பல்கள்ல டெடி பாய்கள் நிறைய. அந்தச் சமயத் தாக்குதல்களுக்காக வெள்ளை இளைஞர்கள் ஒன்பது பேருக்கு நாலு நாலு வருஷம் சிறை. போட்ட சூட்டுக்காக அவமானப்பட்டவங்க கூட்டத்துலேருந்தே சிலர், அடுத்தவங்களைத் தோலுக்காக அடிச்சாங்க. ஏச்சு வாங்கினவன் நல்லவனாயிடுவான்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

1966: சரிகைக் கோட்டு

மூணாவது கதை அதே நாட்டிங் ஹில் பக்கம்தான். போர்ட்டபெல்லோ ரோட்டுல 'ஐ வாஸ் லார்ட் கிட்சனர்ஸ் வேலட்'னு ஒரு கடை. விக்டோரியா காலத்து ராணுவ உடுப்புகளை வாங்கி இளவட்டங்களுக்கு வித்துச்சு. 1966 செப்டம்பர்ல லண்டன் வந்து இறங்கின கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், சரிகை வேலைப்பாடு வச்ச பழைய ராணுவக் கோட்டு ஒண்ணைப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சார்.

தெருவுல போலீஸ்காரங்க அவரை நிறுத்தி, இந்த உடுப்பைப் போட்டுக்கிட்டு எத்தனையோ வீரர்கள் உயிரை விட்டிருக்காங்க, கழட்டுன்னு அதட்டினதா அவரைப் பத்தின புத்தகங்கள்ல ஒரு கதை வரும். அது குதிரை வைத்தியப் பிரிவு உடுப்புன்னு அவர் பதில் சொன்னதாவும் சொல்வாங்க. செத்தவங்க துணிங்கிற எங்க அத்தை லாஜிக் லண்டன் போலீஸ் வரைக்கும் போயிருக்கு பாருங்க :-)

கதை வார்த்தைக்கு வார்த்தை எப்படியோ, ஒண்ணு நிச்சயம். ஹெண்ட்ரிக்ஸ் 1961-62-ல அமெரிக்க ராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் பிரிவுல இருந்தவர், பாராசூட்டுல குதிச்சவர். ராணுவ உடுப்பு போட அந்தத் தெருவுல அவரை விடத் தகுதியான வாடிக்கையாளர் எத்தனை பேர் இருந்திருப்பாங்க? ஆனா பாக்கறவன் கண்ணுக்குத் தெரிஞ்சது கோட்டுக்கு மேல இருந்த கறுப்பு முகம்.

சரி, நம்ம ஊர்?

அந்த பிரிட்டிஷ் கிளப் நாகரிகத்தோட மிச்சம் நம்மகிட்டேயும் ரொம்ப நாள் இருந்துச்சு. 2014 ஜூலையில சென்னையில ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டி வந்ததால தமிழ்நாடு கிரிக்கெட் சங்க கிளப் உள்ள விடல. ஒரு மாசத்துல சட்டமன்றத்துல தனிச் சட்டமே வந்துச்சு. வேட்டிக்காக ஒருத்தரைத் தடுத்தா உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபா அபராதம். கல்யாண மண்டபத்துல முதல் வரிசை நாற்காலி வாங்கிக் கொடுக்கிற அதே வேட்டி, கிளப் வாசல்ல ஒரு நீதிபதியை வெளிய நிக்க வச்சுது. வேட்டி மாறல. வாசல்தான் மாறுச்சு.

ஆக, நான் தேடின பக் துணியில இல்ல. வைல்டுக்கு ஐரிஷ் பிறப்பு, டெடி பாய்க்கு அப்பன் தொழில், ஹெண்ட்ரிக்ஸுக்குத் தோல். பழைய உடை ஒரு சாக்கு. வெளிப்படையாச் சொல்ல முடியாத இளக்காரத்தை, "என்னய்யா இது சட்டை?"ன்னு சுலபமாச் சொல்லிடலாம். பதிலுக்குக் கோபப்பட்டா, "சட்டையைத்தானே சொன்னேன், இதுக்குப் போயா?"ன்னு தப்பிச்சுக்கலாம்.

என் விஷயத்துல இது ஒண்ணும் பெரிய கொடுமை இல்ல. சம்பளம் வருது, சட்டை இருக்கு, சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா பளபளன்னு மஞ்சள் சட்டை போட்டு நகரத்துக்கு வேலைக்கு வர்ற பையன், கறுப்பா இருக்கிறவன் கட்டின பளிச்சுன்னு ஒரு கலரு, பூ நிறைய வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் கிளாசுக்கு வர்ற பொண்ணு, இவங்களைப் பாத்து நாம சிரிக்கிற சிரிப்பு இருக்கே, அது இந்தக் கணக்குலதான் சேரும்.

அதனால ஒரு சின்ன டெஸ்ட் கேஸ் சொல்லித் தரேன். யார் உடையையாவது பாத்து வாய் துறுதுறுன்னா, மனசுக்குள்ள அதே உடையை ஒரு சினிமா ஹீரோவுக்கோ உங்க டேமேஜருக்கோ மாட்டிப் பாருங்க. அப்பவும் சிரிப்பு வந்தா, சரி, கோளாறு சட்டையிலதான். வரலைன்னா, நீங்க சிரிச்சது சட்டையைப் பாத்து இல்ல.