ஹிசேன் ஹாப்ரே வழக்கும் உலகளாவிய அதிகார வரம்பும் (2000–2017)

குற்றம் நிகழ்ந்த இடம், குற்றவாளியின் நாடு, பாதிக்கப்பட்டோரின் நாடு ஆகியவற்றைப் பொருட்படுத்தாது, மிகக் கொடிய குற்றங்கள் சிலவற்றை எந்நாட்டு நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது உலகளாவிய அதிகார வரம்புக் கோட்பாடு. சாட் நாட்டின் முன்னாள் அதிபர் ஹிசேன் ஹாப்ரே 2016இல் செனகலில் தண்டிக்கப்பட்டமை இக்கோட்பாட்டின் வெற்றியாகவே பெரிதும் பேசப்படுகிறது. வழக்கு கடந்துவந்த வழியை நோக்கின், அவ்வெற்றியில் கோட்பாட்டின் பங்கு எண்ணப்படுவதினும் சிறிது என்பது புலப்படும்.

ஹாப்ரே 1982 முதல் 1990 வரை ஆண்டவர். அவருடைய ஆட்சியில் ஏறத்தாழ 40,000 பேர் கொல்லப்பட்டதாகச் சாட் நாட்டு விசாரணை ஆணையம் 1992இல் மதிப்பிட்டது. இத்ரிஸ் தேபியால் வீழ்த்தப்பட்டுச் செனகலில் தஞ்சம் புகுந்த அவர்மீது, பாதிக்கப்பட்டோர் 2000 சனவரியில் டாக்காரில் முறையிட்டனர். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையைச் செனகல் 1986இலேயே ஏற்றிருந்தது. ஆயினும் அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டம் இல்லையெனக் கூறி, 2001 மார்ச்சில் அந்நாட்டு உயர்நிலை நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

பாதிக்கப்பட்டோர் பெல்ஜியத்தையும் நாடியிருந்தனர். பதவியிலுள்ள வெளியுறவு அமைச்சருக்கு அயல்நாட்டு நீதிமன்றங்களில் விலக்குரிமை உண்டெனப் பன்னாட்டு நீதிமன்றம் 2002 பிப்ரவரியில் பெல்ஜியத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் நெருக்குதலுக்குப் பின் 2003இல் பெல்ஜியம் தன் சட்டத்தையே நீக்கியது. விசாரணை முன்பே தொடங்கியிருந்ததால் ஹாப்ரே வழக்கு தப்பியது. அவருக்கு விலக்குரிமை இல்லையெனச் சாட் அரசே 2002இல் அறிவித்ததும் பெரிதும் துணைநின்றது. அவ்வரசின் தலைவரான தேபியோ ஹாப்ரேயின் படைத்தலைவராக இருந்தவர்! அவர்மீது எவ்வழக்கும் எழவில்லை.

வழக்கின் உண்மையான வலிமை ஆவணங்களில் இருந்தது. என்ஜமேனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த அரசியல் காவல்துறைத் தலைமையகத்தில், 2001இல் பல்லாயிரம் தாள்கள் தரையில் சிதறிக் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டன. காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்களும், கொடுமைக்குள்ளான 12,321 பேரைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் இருந்தன. 898 கைதிகளைக் குறித்து 1,265 செய்திகள் ஹாப்ரேக்கு நேரடியாக அனுப்பப்பட்டிருந்தன. ஆட்சித்தலைவர் அறியாமல் நடந்தது என்னும் வாதத்திற்கு இவை இடமளிக்கவில்லை.

பெல்ஜியம் 2005இல் பிடியாணை பிறப்பித்தும் செனகல் அவரை ஒப்படைக்கவில்லை. பெல்ஜியம் தொடுத்த வழக்கில், அவரை ஒப்படைக்காவிடில் காலந்தாழ்த்தாது குற்றவழக்கு நடவடிக்கைக்கு உட்படுத்தவேண்டுமெனப் பன்னாட்டு நீதிமன்றம் 2012 சூலை 20 அன்று தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு உடன்படிக்கைக் கடமையை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. வழக்காற்றுப் பன்னாட்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த கோரிக்கைகள் தன் வரம்பிற்குள் வாரா என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. அதாவது செனகலைக் கட்டுப்படுத்தியது அது முன்னரே ஒப்பமிட்ட ஓர் உடன்படிக்கை. இவ்வேறுபாட்டை வெற்றிக்கதைகள் கருத்தில் கொள்வதில்லை.

ஆப்பிரிக்க ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2013இல் டாக்காரில் சிறப்பு நீதிமன்றம் தொடங்கியது. நீதிமன்றத்தை ஏற்க மறுத்த ஹாப்ரே, பாதுகாவலர்களால் வலிந்து கொண்டுவரப்பட்டு அமர்த்தப்பட்டார். 2016 மே 30 அன்று, மானிடத்திற்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றிற்காக அவருக்கு வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு அத்தண்டனையை உறுதிசெய்து, 7,396 பேருக்கு 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்கிற்கு மேற்பட்ட இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2021 ஆகஸ்டில் ஹாப்ரே சிறைக்கைதியாகவே இறந்தபோது, அத்தொகை அவர்களைச் சென்றடைந்திருக்கவில்லை.